எந்த வல்லரசுக்குப் பின்னாலும் அணிவகுக்க மாட்டோம்

வல்லரசுப் போட்டி, அயல்நாட்டுத் தலையீடு ஆகியவை குறித்து, கொங்கு வட்டாரத்தில் பஞ்சாலை, பனியன், விசைத்தறி, பவுண்டரித் தொழிலாளர்களிடையே இயங்கும் சோசலிச அமைப்பின் நிலைப்பாட்டு அறிக்கை

2025 ஆகஸ்ட் 7 அன்று இந்தியப் பொருள்கள்மீது அமெரிக்கா 25 விழுக்காடு வரி விதித்தது. ரஷ்யாவிடம் கச்சா எண்ணெய் வாங்கியதற்குத் தண்டனை என்று சொல்லி, ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25 விழுக்காட்டை அதன்மேல் ஏற்றியது. எண்ணெயை வாங்கியவை பெரிய சுத்திகரிப்பு ஆலைகள். மலிவாக வாங்கிய லாபம் அவற்றின் கணக்கில் சேர்ந்தது. பெட்ரோல் பங்கில் விலை அதற்கேற்பக் குறையவில்லை. தண்டனை மட்டும் திருப்பூருக்கு வந்தது. ஆர்டர்கள் நின்றன, ஓவர்டைம் போனது, பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர்களின் வாரச் சம்பளம் சுருங்கியது.

அன்று முதல் தொழிற்சங்கக் கூட்டங்களில் இரண்டு குரல்கள் கேட்கின்றன. அமெரிக்காவின் ஆணவத்தை அடக்க ரஷ்யாவும் சீனாவும்தான் வழி, அவர்கள் பக்கம் நிற்போம் என்கிறது ஒரு குரல். சந்தை அமெரிக்காவில் இருக்கிறது, அவர்கள் சொல்படி நடந்தால்தான் பிழைப்பு என்கிறது இன்னொரு குரல். இரண்டையும் நாங்கள் ஏற்கவில்லை. வல்லரசுகளில் நல்லதைத் தேர்ந்தெடுப்பது உழைக்கும் மக்களின் வேலை அன்று. எந்த வல்லரசு எந்த நாட்டில் தலையிட்டாலும் எதிர்ப்பது, எல்லா நாட்டுத் தொழிலாளர்களோடும் கைகோப்பது, அந்த எதிர்ப்பை நம் சொந்த அரசிடமிருந்தும் நம் சொந்தக் கம்பெனியிலிருந்தும் தொடங்குவது: இதுவே எங்கள் நிலைப்பாடு. அதற்கான காரணங்களைக் கீழே வைக்கிறோம்.

1. இது நம் வாசலில் நடக்கும் சண்டை

திருப்பூர் ஆண்டுக்குச் சுமார் 40 ஆயிரம் கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்கிறது. இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இந்த ஒரே ஊரிலிருந்து போகிறது. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போவதால், வாஷிங்டனில் போடும் கையெழுத்து காங்கேயம் சாலையில் ஒரு கட்டிங் மாஸ்டரின் வேலையைப் பறிக்க முடிகிறது.

2025 ஆகஸ்ட் வரிக்கு முன்பே அடிகள் விழத் தொடங்கிவிட்டன. காசாமீதான இஸ்ரேலின் போரையொட்டி 2023 நவம்பரிலிருந்து செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டன. ஐரோப்பாவுக்குப் போக வேண்டிய கண்டெய்னர்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயின. கப்பல் வாடகை ஏறியது, சரக்கு போய்ச் சேரும் நாள் தள்ளிப்போனது. 2025 ஏப்ரலில் அமெரிக்க வரிக்குப் பதிலடியாகச் சீனா அரிய மண் தனிமங்களுக்கும் அவற்றால் செய்யும் காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தது. மின்வாகன மோட்டார் செய்வோர் காந்தத்துக்குத் தவித்தார்கள். பாதிக்கப்பட்ட நாடுகளின் சம்மதத்தை இரு வல்லரசுகளும் கேட்கவில்லை.

ஒன்றிய அரசு என்ன செய்தது? 2025 ஆகஸ்ட் 19 முதல் பஞ்சு இறக்குமதிக்கான 11 விழுக்காடு வரியை நீக்கியது. பிறகு அதை ஆண்டு இறுதிவரை நீட்டித்தது. நூற்பாலைகளுக்கு மூச்சு விட முடிந்தது. பருத்தி விவசாயிக்கு அறுவடை நேரத்தில் விலை விழும் அச்சம் வந்தது. வேலை இழந்த தொழிலாளிக்கு அந்த அறிவிப்பில் எதுவும் இல்லை. அடி மேலேயிருந்து விழுகிறது. கீழே யார் அதைத் தாங்குவது என்பதை நம் அரசே தீர்மானிக்கிறது. ஆகவே வல்லரசுப் போட்டியைப் பற்றிய கேள்வி, வர்க்கத்தைப் பற்றிய கேள்வியும் ஆகிறது.

2. அவர்கள் கெட்டால் நாம் வாழ்வோம் என்ற பொய்

சில ஆண்டுகளாக நமக்கு ஒரு கனவு விற்கப்படுகிறது. சீனாவோடு அமெரிக்கா மோதுகிறது, சீனாவை விட்டு வெளியேறும் ஆர்டர்கள் நம்மிடம் வரும் என்பது அந்தக் கனவு. அதன் விலை 2023 ஏப்ரல் 21 அன்று தெரிந்தது. ஆலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிதிறக்கும் சட்டத்திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. முதலீடு செய்ய வரும் நிறுவனங்கள் நெகிழ்வான வேலைநேரம் கேட்கின்றன என்று காரணம் சொல்லப்பட்டது. தொழிற்சங்கங்கள் எல்லாம் ஒன்றாக எழுந்ததால் மூன்றே நாளில் அது நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். சீனத் தொழிலாளி இழக்கும் ஆர்டரைப் பிடிக்க, நூறாண்டுக்கு மேல் போராடிப் பெற்ற எட்டு மணி நேரத்தை நாம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதே அந்தக் கனவின் உள்ளடக்கம்.

2024 ஆகஸ்டில் வங்கதேசத்தில் மாணவர் எழுச்சி ஷேக் ஹசீனாவின் ஆட்சியை வீழ்த்தியது. டாக்கா பற்றி எரிந்தபோது, அங்கிருந்து நமக்கு எத்தனை ஆர்டர் வரும் என்று இங்கே கணக்குப் போடப்பட்டது. சரியாக ஓராண்டில் கணக்கு தலைகீழானது. வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் 20 விழுக்காடு, நமக்கு 50 விழுக்காடு என்று வரி வந்ததும் அமெரிக்க பையர்கள் அந்தப் பக்கம் பார்த்தார்கள். இந்த ஆட்டத்தில் நிரந்தரமாக வெல்வது விலை பேசும் பையர் மட்டுமே.

டாக்கா, காசிப்பூர் பெண்கள் நம் போட்டியாளர்கள் அல்லர். 2013 ஏப்ரல் 24 அன்று ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்ட ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள் மடிந்தார்கள். 2023இல் மாதம் 23 ஆயிரம் டாக்கா (வங்கதேச நாணயம்) குறைந்தபட்சக் கூலி கேட்டுத் தெருவில் இறங்கியவர்களுக்குத் துப்பாக்கிச்சூடும் 12,500 டாக்காவும் கிடைத்தன. அவர்கள் சம்பளம் உயர்ந்தால் நம் சம்பளத்தைக் குறைக்கச் சொல்லும் வாய்கள் அடையும். அதுபோலவே சீனாவின் சின்ஜியாங்கில் உய்கூர் மக்களைக் கட்டாய வேலைக்கு உட்படுத்துவதை நாங்கள் கண்டிக்கிறோம். அங்கிருந்து வரும் பருத்திக்கு அமெரிக்கா 2021இல் தடை போட்டது என்பதற்காக அந்தக் கொடுமையை மறைக்கவும் மாட்டோம். காசாவில் விழுந்த குண்டுகளை அனுப்பிய அரசை மனித உரிமைக் காவலன் என்று ஏற்கவும் மாட்டோம்.

3. ஈழம் கற்றுத்தந்த பாடம்

ஒரு சிறிய தேசத்தை வல்லரசுகள் எப்படி நடத்தும் என்பதைத் தமிழர்கள் புத்தகத்தில் படிக்க வேண்டியதில்லை.

1987 ஜூலை 29 அன்று கையெழுத்தான இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் பேரில் அமைதி காக்கப் போன இந்தியப் படை, சில மாதங்களிலேயே தமிழ் மக்கள்மீது போர் தொடுத்தது. அந்த அக்டோபரில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1990 மார்ச்சில் படை திரும்பியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களும் உயிரோடு இல்லை. தலையீடு என்பது அமெரிக்காவின் தனிச்சொத்து என்று நம்புகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டும். பிராந்திய வல்லரசாக விரும்பும் டெல்லியும் அதையே செய்தது.

2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. அந்தப் போரில் இலங்கை அரசிடம் இஸ்ரேலின் கிபிர் விமானங்கள் இருந்தன, சீன, பாகிஸ்தான் ஆயுதங்கள் இருந்தன, இந்தியா கொடுத்த ரேடார்கள் இருந்தன. உலகில் ஒன்றோடொன்று மோதும் அரசுகள் அங்கே ஒரே பக்கம் நின்றன. மே 27 அன்று ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவை இலங்கை அரசைப் பாராட்டும் தீர்மானத்தை 29 வாக்குகளால் நிறைவேற்றியது. இந்தியா, சீனா, ரஷ்யாவோடு கியூபாவும் ஆதரித்து வாக்களித்தது. ஏகாதிபத்தியத் தலையீட்டிலிருந்து ஓர் இறையாண்மை நாட்டைக் காக்கிறோம் என்பது அவர்கள் வாதம். எதிர்த்த 12 நாடுகளில் இருந்த பிரிட்டன், 2003இல் பொய்க் காரணம் சொல்லி ஈராக்மீது படையெடுத்த கூட்டணியில் இருந்தது.

கியூபா மீதான அமெரிக்கப் பொருளாதாரத் தடையை நாங்கள் எதிர்க்கிறோம், தொடர்ந்து எதிர்ப்போம். ஆனாலும் அந்த வாக்கு அநீதியானது. அரசுகளை முகாம்களாகப் பிரித்து, நம் முகாமின் நண்பன் செய்தால் குற்றமில்லை என்று பார்த்தால், கொல்லப்படும் மக்கள் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறார்கள். போருக்குப் பின் அந்தத் தீவில் நடப்பதும் பங்கு பிரிப்பே. அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017இல் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போனது. திருகோணமலை எண்ணெய்க் குதங்களுக்கு 2022இல் இந்தியா ஒப்பந்தம் போட்டது. நீதி கேட்டவர்களுக்கு இவற்றில் எதிலும் இடமில்லை. பவானிசாகர் முகாமிலும் பூலுவப்பட்டி முகாமிலும் இன்னும் குடியுரிமையின்றி வாழ்கிறவர்கள் அதற்குச் சாட்சிகள்.

4. எங்கள் மரபு

இந்த நிலைப்பாடு வெளியிலிருந்து இறக்குமதியானது அன்று. ஆங்கிலேயக் கப்பல் கம்பெனியின் ஏகபோகத்தை எதிர்த்துச் சுதேசிக் கப்பல் விட்ட வ.உ.சிதம்பரனார் கோவைச் சிறையில்தான் செக்கிழுத்தார். 1932 ஜனவரியில் கொடியைக் கையில் பிடித்தபடி அடிபட்டு மாண்டார் திருப்பூர் குமரன். 1931இல் ஈரோட்டிலிருந்து வெளிவந்த குடிஅரசு கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கையைத் தமிழில் வெளியிட்டது. 1942 ஆகஸ்டில் பிரிட்டனின் போருக்காக எழுந்த சூலூர் விமான தளத்துக்கு இந்த வட்டார மக்கள் தீ வைத்தார்கள். சின்னியம்பாளையத்தின் ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் என்ற நான்கு ஆலைத் தொழிலாளர்கள் 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். ஏகாதிபத்திய எதிர்ப்பும் கூலிப் போராட்டமும் இங்கே ஒன்றாகவே வளர்ந்தன.

அந்த மரபில் வந்த இடதுசாரி இயக்கத்துக்குள் வேறொரு பழக்கமும் இருந்தது. மாஸ்கோ அல்லது பீஜிங் எங்கே நிற்கிறதோ அங்கே நிற்பது என்ற பழக்கம். 1956இல் ஹங்கேரித் தொழிலாளர் மன்றங்கள்மீதும் 1968இல் செக்கோஸ்லோவாக்கியாவிலும் சோவியத் டாங்கிகள் ஏறியபோது, அவற்றை நியாயப்படுத்தியவர்கள் இந்திய இடதுசாரிகளிடையே பலர். 1979இல் செங்கொடி பிடித்த சீனா செங்கொடி பிடித்த வியட்நாமுக்குள் படையோடு நுழைந்தபோது அந்த வாதங்களுக்கு விடை கிடைத்தது. கொடியின் நிறம் படையெடுப்பை நியாயமாக்காது.

5. எதிர்வாதங்களுக்குப் பதில்

அமெரிக்காவையும் ரஷ்யாவையும் சீனாவையும் ஒரே தட்டில் வைக்கிறீர்களா என்று தோழர்கள் கேட்கிறார்கள். இல்லை. உலகெங்கும் ராணுவத் தளங்களும் டாலரின் ஆதிக்கமும் கொண்ட அமெரிக்காதான் இன்றும் மிக வலிய ஏகாதிபத்திய அரசு. 1973இல் சிலியில் அதிபர் அயெந்தேயின் ஆட்சி கவிழ்க்கப்பட்டதில் அதன் பங்கை மறக்க முடியாது. வலிமையில் வேறுபாடு உண்டு. அதனால் பலம் குறைந்தவர்களின் படையெடுப்பு விடுதலை ஆகிவிடாது. நேட்டோவின் விரிவாக்கத்தை எதிர்க்கிறோம். 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைன்மீது தொடுத்த போரையும் அதே உறுதியோடு எதிர்க்கிறோம். ரஷ்யப் படைகள் வெளியேற வேண்டும்.

இந்தியா எந்தப் பக்கமும் சாயாமல் தன்னுரிமையோடு நடப்பதே போதாதா என்று வேறு சிலர் கேட்கிறார்கள். 1955இல் இந்தோனேசியாவின் பாண்டுங்கில் கூடிய ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் அடிமைப்பட்ட மக்களுக்காகக் குரல் கொடுத்தன. இன்று டெல்லி, அமெரிக்கா இருக்கும் குவாட் கூட்டத்திலும் அமர்கிறது, ரஷ்யாவும் சீனாவும் இருக்கும் பிரிக்ஸ் கூட்டத்திலும் அமர்கிறது. 2025 ஜூனில் காசாவில் போர்நிறுத்தம் கோரிய ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானத்தை 149 நாடுகள் ஆதரித்தபோது இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. எண்ணெய்க்கும் ஆயுதத்துக்கும் பேரம் பேசும் உரிமை மட்டும் அணிசேராமை ஆகாது.

6. எங்கள் கோரிக்கைகள்

அ) ஏற்றுமதி நெருக்கடியால் வேலையோ கூலியோ இழக்கும் ஒவ்வொருவருக்கும், பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்களும் காண்ட்ராக்ட் தொழிலாளர்களும் உட்பட, ஒன்றிய, மாநில அரசுகள் நிவாரண ஊதியம் தர வேண்டும். நிறுவனங்களுக்குத் தரும் சலுகை, ஆட்குறைப்பு செய்யாதவர்களுக்கு மட்டுமே கிடைக்க வேண்டும்.

ஆ) எந்த வர்த்தக ஒப்பந்தமும் கையெழுத்தாகும் முன் நாடாளுமன்றத்தில் முழுமையாக வைக்கப்பட வேண்டும். பருத்தி, மக்காச்சோளம், பால் ஆகியவற்றை நம்பி வாழும் விவசாயிகளைப் பேரப்பொருள் ஆக்கக் கூடாது.

இ) அமெரிக்காவோடு 2016இல் செய்த ராணுவத் தளவாட ஒப்பந்தத்தை ரத்துசெய்ய வேண்டும். 2024 ஆகஸ்டில் சூலூரில் பிரான்ஸ், ஜெர்மனி, பிரிட்டன், ஸ்பெயின் விமானப்படைகளோடு நடத்திய தரங் சக்தி போன்ற கூட்டுப் பயிற்சிகள் எந்த வல்லரசோடும் வேண்டாம்.

ஈ) கோவை, சேலம், ஓசூரை உள்ளடக்கிய பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் செய்யப்படும் எந்தப் பொருள் எந்த நாட்டுக்குப் போகிறது என்பதை அரசு வெளியிட வேண்டும். நம் லேத்தில் கடைந்த உதிரிபாகம் காசாவிலோ வேறெந்த ஆக்கிரமிப்பிலோ ஒரு குழந்தையைக் கொல்ல நாம் அனுமதிக்க முடியாது. இஸ்ரேலுடனான ஆயுத வணிகம் முழுமையாக நிறுத்தப்பட வேண்டும்.

உ) முகாம்களில் உள்ள ஈழத்தமிழருக்குக் குடியுரிமை வேண்டும். 2009 படுகொலைகளுக்கு, எந்த வல்லரசின் பேரத்துக்கும் உட்படாத பன்னாட்டு விசாரணை வேண்டும்.

தோழர்களே, அமெரிக்க வரி குறையலாம், மீண்டும் ஏறலாம். ஒப்பந்தங்கள் வரும், முறியும். நம் நிலைப்பாடு அவற்றோடு ஏறி இறங்கக் கூடாது. 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் திருப்பூர். அந்த உறுதியோடு, வங்கதேசத்தின் காசிப்பூர், இலங்கையின் கட்டுநாயக்க, வியட்நாமின் ஹோ சி மின் நகர் ஆடைத் தொழிலாளர்களின் சங்கங்களோடு நேரடித் தொடர்பு ஏற்படுத்துவோம். ஒரே பையருக்குத் தைக்கும் எல்லா நாட்டுத் தொழிலாளர்களுக்கும் ஒரே குறைந்தபட்சக் கூலி என்ற கோரிக்கையைச் சேர்ந்து எழுப்புவோம். பஞ்சாலை, பனியன், விசைத்தறி, பவுண்டரி என்று எந்தச் சங்கத்தில் இருந்தாலும், எந்தக் கட்சியின் கொடியைப் பிடித்தாலும், இந்தக் கோரிக்கைகளை உங்கள் அடுத்த பேரவைக் கூட்டத்தில் விவாதியுங்கள், தீர்மானமாக நிறைவேற்றுங்கள்.