‘நேத்து வரைக்கும் ஓடுச்சே!’ - அப்டேட்டுக்குப் பிறகு கணக்கு உடைவது ஏன்?

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10, ஆபீஸ் 2016, ஆபீஸ் 2019 மூன்றுக்கும் தந்துவந்த ஆதரவை 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக்கொண்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் இனி வழக்கம்போல வராது என்பதால், பழைய கணினியை மாற்றுவது, புதிய ஆபீஸைப் போடுவது என்று சிறு அலுவலகங்கள் பலவும் இறங்க வேண்டியிருக்கிறது. பிரச்சினை அதற்கு அடுத்த நாள் தொடங்குகிறது. பல வருடங்களாக ஒழுங்காக ஓடிய அக்சஸ் கோப்பைத் திறந்தால், வயது வர வேண்டிய கட்டத்தில் ‘#நேம்?’ என்று நிற்கிறது. மொத்தத் தொகை வர வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. “நேத்து வரைக்கும் ஓடுச்சே, ஒண்ணுமே மாத்தலையே!” என்ற குரல் கேட்காத அலுவலகம் குறைவு.

இது வெறும் ஐ.டி. தலைவலி அல்ல. ஒரு பட்டியலில் யார் இருக்கிறார், யார் இல்லை என்பதை அந்தச் சூத்திரம்தான் தீர்மானிக்கிறது என்றால், அது உடைவது ஒரு குடும்பத்தின் கையில் வரும் பணத்தைத் தொடும்.

தோணிரேவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

திருவள்ளூர் மாவட்டத்தில், ஆந்திர எல்லையைத் தாண்டியும் விரிந்து கிடக்கும் பழவேற்காடு ஏரியின் கரைக் கிராமங்களில் ஒன்று தோணிரேவு. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. இங்கே வாழ்க்கை மீனோடும் இறாலோடும் கட்டப்பட்டிருக்கிறது. அதனால் பட்டியல்களோடும் கட்டப்பட்டிருக்கிறது.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களுக்கான தமிழக அரசின் நிவாரணம், குடும்பத்துக்கு 8,000 ரூபாய். மத்திய அரசின் பங்களிப்போடு நடக்கும் சேமிப்பு - நிவாரணத் திட்டத்தில் மீனவர் 1,500 ரூபாய் கட்ட, அரசுகள் 3,000 ரூபாய் சேர்த்து 4,500 ரூபாயாகத் திருப்பித் தருகின்றன. இதற்கு வயது வரம்பு 18 முதல் 60 வரை.

பணம் வங்கிக் கணக்குக்குப் போகும் கடைசிக் கட்டம் ஆன்லைனில் நடக்கலாம். ஆனால் பெயர், பிறந்த தேதி, கட்டிய சந்தா என்று முதல் பட்டியலைத் தயார் செய்யும் எந்தச் சங்கமும், சுயஉதவிக் குழுவும், தொண்டு நிறுவனமும் மேசைக் கணினியில் ஒரு கோப்பை வைத்திருக்கக்கூடும். அப்படி ஒரு கோப்பு மேம்படுத்தலில் மாட்டினால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

சத்தம் போடும் பிழை, சத்தம் போடாத பிழை

மேம்படுத்தலுக்குப் பிறகு வரும் பிழைகள் இரண்டு வகை. ஒன்று, திரையிலேயே கத்திச் சொல்லும். இன்னொன்று, எதுவும் நடக்காத மாதிரி தவறான விடையைத் தரும். முதலாவது எரிச்சல், இரண்டாவதுதான் ஆபத்து.

சத்தம் போடும் வகையில் அடிக்கடி வருவது ‘#நேம்?’. ‘டேட்’, ‘லெஃப்ட்’, ‘ஃபார்மட்’ போன்ற சாதாரணச் செயற்கூறுகளையே அக்சஸ் திடீரென அடையாளம் தெரியாததுபோல் நடந்துகொள்ளும். உண்மையில் அந்தச் செயற்கூறுகள் எங்கேயும் போகவில்லை. கோப்பு, வெளியே உள்ள சில துணை நூலகக் கோப்புகளை நம்பி ஓடுகிறது. பழைய கணினியில் இருந்த அவற்றில் ஒன்று புதிய கணினியில் இல்லாவிட்டால் போதும், அதற்குச் சம்பந்தமே இல்லாத ‘டேட்’கூடப் படுத்துக்கொள்ளும். ஆல்ட், எஃப்11 விசைகளைச் சேர்த்து அழுத்தி, ‘டூல்ஸ்’ பட்டியலில் ‘ரெஃபரன்ஸஸ்’ திறந்தால், காணாமல் போன நூலகத்தின் முன்னால் ‘மிஸ்ஸிங்’ என்று எழுதியிருக்கும். தேவையில்லை என்றால் அந்தக் குறியை நீக்க வேண்டும். தேவை என்றால் அந்த நூலகத்தை நிறுவ வேண்டும். நூறு சூத்திரங்களை ஒவ்வொன்றாகத் திருத்த உட்கார்வதற்கு முன் பார்க்க வேண்டிய முதல் இடம் இதுதான்.

இரண்டாவது காரணம், 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு மாறுவது. 2019 தொடக்கத்திலிருந்து ஆபீஸை நிறுவினால் 64 பிட் பதிப்புதான் தானாகத் தேர்வாகிறது. பழைய 32 பிட் காலத்தில், விண்டோஸை நேரடியாக அழைக்கும்படி எழுதிய விபிஏ வரிகள் இதில் ஓடாது. அந்த வரிகளில் ‘பிடிஆர்சேஃப்’ என்ற சொல்லைச் சேர்த்து, தரவு வகைகளையும் சரிபார்க்க வேண்டும். அது தெரிந்தவர் கிடைக்கும்வரை 32 பிட் ஆபீஸை நிறுவி ஓட்டலாம்.

மூன்றாவது, பாதுகாப்புத் தடை. இணையத்திலிருந்து இறங்கிய கோப்புகளின் மேக்ரோக்களை 2022 முதல் ஆபீஸ் தானாகவே தடுக்கிறது. பழைய கணினியிலிருந்து மின்னஞ்சல் வழியாகக் கோப்பை அனுப்பி, புதியதில் இறக்கியிருந்தால் இந்தத் தடை விழலாம். அனுப்பியவர் யார் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும், கோப்பின் ‘ப்ராப்பர்டீஸ்’ பகுதியில் ‘அன்பிளாக்’ கொடுக்கலாம்.

நான்காவது, கோப்பே திறக்காமல் போவது. அக்சஸ் 97 காலத்து ‘.எம்டிபி’ கோப்புகளை அக்சஸ் 2013-ம் அதற்குப் பின் வந்தவையும் திறக்காது. அக்சஸ் 2007 அல்லது 2010 உள்ள கணினியில் ஒருமுறை மாற்றிக்கொண்டுதான் மேலே வர முடியும்.

தேதி செய்யும் திருட்டு வேலை

இனி சத்தம் போடாத பிழைகள். பிறந்த தேதியை, தேதி வகைக் கட்டத்தில் போடாமல் சாதாரண எழுத்தாகத் தட்டச்சு செய்திருப்பார்கள். பழைய கணினியின் வட்டார அமைப்பு இந்தியா. நாள் முதலில், மாதம் அடுத்து. புதிய கணினி அமெரிக்க அமைப்போடு வந்திருந்தால் மாதம் முதலில், நாள் அடுத்து.

ஓர் உதாரணம். ஒருவர் பிறந்தது 04/10/1965, அதாவது அக்டோபர் 4. அமெரிக்க அமைப்பு இதை ஏப்ரல் 10 என்று படிக்கும். 2025 ஜூன் 1 அன்று அவருக்கு உண்மையில் வயது 59. கணினிக் கணக்கில் 60 நிறைந்துவிட்டது. ‘60 நிறையாதவர்கள்’ என்று வடிகட்டும் பட்டியலில் அவர் பெயர் இருக்காது.

இதில் கொடுமை என்னவென்றால், அடுத்த வரியில் 24/10/1965 என்று இருந்தால் அது சரியாகவே வரும். 24-வது மாதம் என்று ஒன்று கிடையாது என்பதால் அக்சஸ் தானாகவே நாள்-மாத வரிசைக்கு மாறிக்கொள்கிறது. ஆக, மாதத்தின் முதல் 12 நாட்களில் பிறந்தவர்களின் தேதி மட்டும்தான் புரளும். சோதிப்பவர் கண்ணில் முதலில் பட்டது 24-ம் தேதிக்காரர் என்றால், “எல்லாம் கரெக்டா இருக்கு” என்று கோப்பை மூடிவிடுவார்.

தமிழ் என்றால் கூடுதல் சிக்கல்

பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பெயர்களில், திரையில் தெரிவது மட்டும்தான் தமிழ். கணினிக்குள் இருப்பவை வேறு எழுத்துகளுக்கான குறியீடுகள். எழுத்துரு இல்லாத புதிய கணினியில் திறந்தால் எல்லாம் கிறுக்கலாகத் தெரியும். தரவு அழியவில்லை, எழுத்துருதான் இல்லை. ஆகவே பதறிப்போய் அழித்துவிட்டு மறுபடி தட்டச்சு செய்யத் தேவையில்லை. யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இருக்கின்றன. யூனிகோடையும் டேஸ் 16-ஐயும் தமிழுக்கான குறியேற்றத் தரங்களாகத் தமிழக அரசு 2010-லேயே அறிவித்துவிட்டது.

ஆனால் மாற்றியதும் சூத்திரங்கள் உடையலாம். ‘தோணிரேவு’ என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். கண்ணுக்கு 4 எழுத்து. யூனிகோடில் 8 குறிகள்: த, ஓகாரக் குறி, ண, இகரக் குறி, ர, ஏகாரக் குறி, வ, உகரக் குறி. நீளம் கேட்டால் ‘லென்’ 8 என்று சொல்லும். ஊரின் முதல் குறியை எடுத்துக் குடும்ப எண் உருவாக்கும் சூத்திரம் இருந்தால், பழைய எழுத்துருவில் அது எடுத்தது தோவின் முன்னால் நிற்கும் இரட்டைக் கொம்பை. யூனிகோடில் அது எடுப்பது ‘த’வை. பழைய எண்ணும் புதிய எண்ணும் பொருந்தாது. சந்தா அட்டவணை ஒரு பக்கம், உறுப்பினர் அட்டவணை ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும்.

இதோடு, ஓர் அட்டவணையை மாற்றிவிட்டு இன்னொன்றைப் பழைய எழுத்துருவிலேயே விட்டுவிட்டாலும், ஒருவர் ‘தோணிரேவு’ என்றும் இன்னொருவர் ‘தோனிரேவு’ என்றும் எழுதியிருந்தாலும் இணைப்பு அறுந்துபோகும். பிழைச் செய்தி வராது. வரிகள் மட்டும் குறையும்.

குற்றம் எப்போதும் பயனருடையதா?

இல்லை. 2019 நவம்பர் 12 அன்று மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பாதுகாப்புத் திருத்தம், உலகம் முழுக்க அக்சஸ் பயனர்களை உட்கார வைத்தது. ஓர் அட்டவணையில் உள்ள தகவலைத் திருத்தும் சாதாரண வினவல்கள்கூட ‘வினவல் சிதைந்துவிட்டது’ என்ற 3340-ம் எண் பிழையோடு நின்றன. உண்மையில் எந்த வினவலும் சிதையவில்லை, திருத்தத்தில்தான் கோளாறு. அட்டவணையை நேரடியாகத் தொடாமல், அதன் மேல் ஒரு தேர்வு வினவலை வைத்து அதன் வழியாகத் திருத்துவது தற்காலிக வழியாக இருந்தது. அடுத்த சில வாரங்களில் சரியான திருத்தங்கள் வந்தன. அந்த நாட்களில் நல்ல கோப்பைச் சந்தேகப்பட்டுக் கைவைத்தவர்களுக்கு வேலை இரட்டிப்பானது.

அப்படியென்றால் மேம்படுத்தாமலே இருந்துவிடலாமா? அதற்கும் விலை உண்டு. 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றாளர்களின் விவரம் தினசரி அறிக்கையில் சேராமல் போனது. பழைய ‘.எக்ஸ்எல்எஸ்’ வடிவ எக்ஸெல் கோப்பு 65,536 வரிகளுக்கு மேல் தாங்காது என்பதே காரணம். அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களை எச்சரிப்பதும் அதனால் தாமதமானது.

என்ன செய்யலாம்?

*முதலில் நகல்.* மூலக் கோப்பை அப்படியே ஒரு பென்டிரைவில் எடுத்துவைத்துவிட்டு, நகலில் மட்டும் சோதிக்க வேண்டும். சூத்திரம் உடைந்தால் அட்டவணையில் உள்ள தரவும் போய்விட்டது என்று அர்த்தமில்லை.

*பழைய கணினியை உடனே அனுப்பிவிட வேண்டாம்.* இரண்டு கணினியிலும் அதே கோப்பைத் திறந்து நான்கே எண்களை ஒப்பிட்டால் போதும்: மொத்த உறுப்பினர், மொத்தச் சந்தா, 60 வயது நிறைந்தவர்கள், ஊர்வாரி எண்ணிக்கை. ஒன்று மாறினாலும் எங்கோ சத்தம் போடாத பிழை இருக்கிறது.

*தேதியைச் சோதிக்க 12-க்குள் பிறந்தவரை எடுக்க வேண்டும்.* வட்டார அமைப்பை இந்தியாவுக்கு மாற்றிய பிறகு, எழுத்தாக உள்ள தேதிகளைத் தேதி வகைக்கு நிரந்தரமாக மாற்றிவிடுவது நல்லது.

*பெயரை வைத்து இணைக்க வேண்டாம்.* ஊருக்கும் உறுப்பினருக்கும் தனி எண் கொடுத்துவிட்டால் எழுத்துரு மாறினாலும் இணைப்பு அறாது.

*அந்த வாரம் ஏதாவது அப்டேட் வந்ததா என்று பார்க்க வேண்டும்.* வந்திருந்தால், கோப்பில் கைவைப்பதற்கு முன் அதே பிழை எண்ணை இணையத்தில் தேடுவது நேரத்தை மிச்சமாக்கும்.

*பட்டியலை வாசித்துக் காட்ட வேண்டும்.* புதிய கணினியில் எடுத்த முதல் அச்சை அனுப்புவதற்கு முன் ஊரில் வாசித்தால், விடுபட்ட பெயர் அங்கேயே தெரிந்துவிடும்.

பழவேற்காடு ஏரியில் ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை விரிப்பது என்பதை மீனவர்கள் முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். விதி என்ன என்று அதில் இருப்பவர்களுக்குத் தெரியும் என்பதால், முறை தவறினால் உடனே கேட்க ஆள் இருக்கிறது. கணினிக் கோப்பில் இருக்கும் விதியோ, அதை எழுதிவிட்டு வேலை மாறிப்போன ஒருவருக்கு மட்டும்தான் தெரியும். எந்தக் கட்டம் எதிலிருந்து கணக்கிடப்படுகிறது, வயது வரம்பு எந்தத் தேதியை வைத்துப் பார்க்கப்படுகிறது என்பதை ஒரு பக்கத் தாளில் எளிய தமிழில் எழுதி ஒட்டிவைத்தால், அடுத்த அப்டேட்டில் கணக்கு உடைந்தாலும் அதைக் கண்டுபிடிக்க இன்னும் நாலு பேர் இருப்பார்கள்.