நண்பர்களோடு கடற்கரைச் சுற்றுலா: கணக்கை எங்கிருந்து தொடங்குவது?



ஆண்டிறுதி விடுமுறை நெருங்கினால் ஆசிரியர் அறையில் ஒரு பேச்சு தவறாமல் எழும். "இந்த முறை எல்லாரும் சேர்ந்து வெளிநாட்டுக்குப் போய் வரலாமே!" என்று ஒருவர் தொடங்குவார். கிராபி, புக்கெட், பாலி என்று கடற்கரைகளின் பெயர்கள் வரிசையாக வந்து விழும். அன்று மாலைக்குள் புலனத்தில் ஒரு குழுவும் உருவாகிவிடும். மூன்று மாதங்கள் கழித்துப் பார்த்தால், பத்துப் பேரில் நால்வரோ ஐவரோதான் விமானம் ஏறியிருப்பர். மற்றவர்கள் ஏன் வரவில்லை என்று யாரும் கேட்பதில்லை. கேட்காமல் விடுவதே நாகரிகம் என்று எண்ணிக்கொள்கிறோம். அந்த நாகரிகம் நட்புக்குச் செய்யும் கேட்டை நான் பட்டுத்தான் உணர்ந்தேன். ஆகவே இதை எழுதுகிறேன்.

2019ஆம் ஆண்டு ஆண்டிறுதி விடுமுறையில், பயிற்சிக் கல்லூரியில் ஒன்றாகப் படித்த தோழியர் எண்மர் கிராபி செல்லத் திட்டமிட்டோம். ஏற்பாட்டாளர் நான். இணையத்தில் தேடி, நீச்சல்குளத்தோடு கூடிய ஒரு தனி வீட்டைக் கண்டுபிடித்தேன். மூன்று இரவுகளுக்கு வாடகை 4,800 ரிங்கிட். எட்டால் வகுத்தால் ஆளுக்கு 600. விமானச் சீட்டு, படகு, உணவு எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 1,900 ரிங்கிட் என்று கணக்குப் போட்டுக் குழுவில் இட்டேன். "சரியா?" என்று ஒரு கேள்வி. எட்டுக் கட்டைவிரல்கள் உயர்ந்தன. நானும் மகிழ்ந்து வீட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டேன்.

விமானச் சீட்டுக்குப் பணம் கேட்டபோதுதான் சிக்கல் தொடங்கியது. ஒருவர் மாமியாருக்கு உடல்நலம் சரியில்லை என்றார். இன்னொருவர் விடுமுறையில் பயிற்சிப் பட்டறை இருக்கிறது என்றார். மூன்றாமவர் பதிலே போடவில்லை. 4,800ஐ ஐந்தால் வகுத்தால் 960. எஞ்சியிருந்த ஐவருக்கும் இந்தக் கூடுதல் செலவு கசந்தது. குழுவில் சில சொற்கள் தடித்தன. "வர முடியாதென்றால் முதலிலேயே சொல்லியிருக்கலாமே!" என்று நானும் எழுதினேன். அந்த வரியை இன்று நினைத்தாலும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அடுத்த தை மாதத்தில் ஒரு திருமண வீட்டில், பதில் போடாத அந்தத் தோழியைச் சந்தித்தேன். பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் அவராகவே சொன்னார். "மூணு பிள்ளைங்களுக்கும் சீருடை, காலணி, பைன்னு டிசம்பர்லதான் வாங்கணும். அவருக்கு அந்த வருஷம் ஓவர்டைமும் இல்ல. எல்லாரும் சரின்னு போட்டதுக்கு அப்புறம், என்கிட்ட மட்டும் காசு இல்லன்னு நான் எப்படிச் சொல்றது?"

என்னிடம் பதில் இல்லை. ஐந்தாம் ஆண்டு மாணவர்க்கு இத்தகைய வகுத்தல் கணக்குகளைக் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதிப் போட்டவள் நான். எட்டுப் பேர், இவ்வளவு வாடகை, ஒருவரின் பங்கு என்ன? அந்தக் கணக்குகளில் எட்டுப் பேரும் சமமாகவே இருப்பர். மெய்வாழ்க்கையில் ஒருத்திக்கு 1,900 ரிங்கிட் ஒரு விடுமுறைச் செலவு. இன்னொருத்திக்கு அது மூன்று பிள்ளைகளின் பள்ளித் தொடக்கம்.

ஆகவே என் கருத்து இதுதான்: நண்பர்கள் கூடிச் செல்லும் பயணத்தின் கணக்கு, மிகக் குறைவாகச் செலவிட இயன்றவரின் தொகையிலிருந்து தொடங்க வேண்டும். இடத்தையும் வீட்டையும் தேர்ந்தெடுத்த பிறகு தொகையைச் சொல்லிச் சம்மதம் கேட்பது தலைகீழ் வழி. ஏற்பாட்டாளர் ஒவ்வொருவரையும் தனியே தொலைபேசியில் அழைத்து, "உங்களால் எவ்வளவு முடியும்?" என்று கேட்க வேண்டும். யார் எவ்வளவு சொன்னார் என்பது அவரோடு நிற்க வேண்டும். எல்லாரும் பார்க்கும் குழுவில் அந்தக் கேள்வியைப் போட்டால் உண்மையான பதில் வராது.

"ஒருவருக்காக மற்றவர்கள் ஏன் வசதியைக் குறைத்துக்கொள்ள வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். ஞாயமான கேள்விதான். பொதுவான செலவுகளாகிய தங்குமிடம், படகு ஆகியவற்றை மட்டும் குறைந்த தொகைக்குள் அடக்கினால் போதும். கடலைப் பார்த்த அறை வேண்டுவோர் தம் செலவில் எடுத்துக்கொள்ளட்டும். அதுவும் ஒத்துவராதெனில், "இத்தனை ரிங்கிட் ஆகும், இயன்றவர் வருக" என்று முதலிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். எல்லாரையும் சேர்த்துக்கொண்டு, பிறகு இயலாதவரைப் பொய் சொல்ல வைப்பதுதான் தவறு. எல்லாருடைய பணமும் கைக்கு வரும் முன்னர்த் திரும்பக் கிடைக்காத முன்பணம் கட்டுவதும் தவறு. அந்தத் தவற்றைச் செய்தவள் நான்தான். விலகிய மூவர் அல்லர்.

பணத்தைப் போலவே வாய்திறந்து சொல்லக் கூச்சப்படும் இன்னொன்று உண்டு: நீந்தத் தெரியாமை. கிராபி சென்ற எங்கள் ஐவரில் மூவருக்கு நீந்தத் தெரியாது. நான் யாரிடமும் கேட்கவில்லை. தீவுகளுக்கு இடையே படகு நின்றபோது மற்றவர்கள் கடலில் இறங்க, ஒரு தோழி மிதவை அங்கியை இறுகப் பற்றிக்கொண்டு படகிலேயே ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தார். 2018 ஜூலையில் புக்கெட் அருகே ஒரு சுற்றுலாப் படகு புயல் அலையில் மூழ்கி 47 பேர் மாண்டதை நாம் மறத்தலாகாது. வானிலை எச்சரிக்கை இருந்தும் அந்தப் படகு கடலுக்குச் சென்றிருந்தது. பணம் கட்டிவிட்டோமே என்று பார்க்காமல், குழுவில் மிகவும் அஞ்சுபவர் "வேண்டாம்" என்றால் படகேறாமல் திரும்பும் துணிவு வேண்டும்.

பருவத்தையும் பார்க்க வேண்டும். 2026 முதல் நம் பள்ளியாண்டு மீண்டும் ஜனவரியில் தொடங்குவதால், நீண்ட விடுமுறை மறுபடியும் டிசம்பரில் அமைகிறது. அது வடகிழக்குப் பருவமழைக் காலம். நம் பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளில் அப்போது கடல் கொந்தளிக்கும். தங்குவிடுதிகள் பல மூடிக் கிடக்கும். தாய்லாந்து வளைகுடாவிலுள்ள சாமுய் தீவிலும் ஆண்டிறுதியில் மழை மிகுதி. பாலியிலும் மழைக்காலமே. ஆனால் கிராபி, புக்கெட், லிப்பே ஆகிய அந்தமான் கடற்பகுதி இடங்கள் டிசம்பரில் அமைதியாக இருக்கும். ஜூன் மாத விடுமுறையில் இது பெரிதும் தலைகீழாகும்: தென்மேற்குப் பருவக்காற்றால் அந்தமான் கடல் முரண்டு பிடிக்கும்; பெர்ஹெந்தியானும் பாலியும் நன்றாக இருக்கும். மலிவான சீட்டு கிடைத்ததென்று மகிழும் முன், அது ஏன் மலிவு என்று கேட்டுக்கொள்வது நல்லது.

விளம்பரப் படத்தை நம்புவதும் ஆகாது. புகழ்பெற்ற மாயா குடாவைக் காணலாம் என்று தோழியரிடம் ஆசை காட்டியிருந்தேன். சுற்றுலாப் பயணிகளின் நெரிசலால் பவளப்பாறைகள் சிதைந்ததால், 2018 ஜூன் முதல் அது மூடப்பட்டிருந்தது. அங்குச் சென்ற பிறகே எனக்குத் தெரிந்தது. 2022 ஜனவரியில் மீண்டும் திறந்தார்கள். ஆயினும் அங்கு நீந்த அனுமதியில்லை.

சிறு வேலைகள் சிலவும் உண்டு. கடப்பிதழ் இன்னும் ஆறு மாதங்களுக்காவது செல்லுபடியாக வேண்டும். தாய்லாந்து செல்வோர் 2025 மே முதல், வருகை அட்டையை முன்கூட்டியே இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. நம்மைப் போன்ற அரசாங்க ஆசிரியர்கள் வெளிநாட்டுப் பயணத்துக்கு முன் அனுமதி பெற மறக்கலாகாது.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். வகுப்புச் சுற்றுலாவுக்குப் பணம் கட்ட இயலாத பிள்ளை, அன்று மட்டும் "வயிற்று வலி" என்று வீட்டில் இருந்துவிடுவதை ஆசிரியர் பலர் கண்டிருப்போம். அந்தக் கூச்சம் வளர்ந்த பின்னும் போவதில்லை. ஒருவரிடம் இல்லாததை இழிவாக எண்ணாமல் பேசும் பழக்கத்தைப் பிள்ளைகள் நம்மிடமிருந்துதான் கற்க வேண்டும்.

இவ்வாண்டு டிசம்பருக்கு மீண்டும் நானே ஏற்பாட்டாளர். இம்முறை எழுவரையும் தனித்தனியே அழைத்துக் கேட்டேன். மிகக் குறைந்த தொகை 900 ரிங்கிட். கணக்கை அங்கிருந்து தொடங்கினேன். கிராபி அதற்குள் அடங்கவில்லை. லங்காவியிலிருந்து படகில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் சென்றடையக்கூடிய லிப்பே தீவு அடங்கியது. நீச்சல்குளம் இல்லை, இருவருக்கு ஓர் அறை. நீந்தத் தெரியாதவர் யார் யார் என்பதும் இப்போது எனக்குத் தெரியும்.

அந்தத் திருமண வீட்டுத் தோழியும் வருகிறார். பணத்தை முதலில் கட்டியவர் அவர்தான்.