மலிவு யார் கையில்?

ராஜபாளையத்தை அடுத்த தளவாய்புரம், நைட்டி தைத்துப் பிழைக்கும் ஊர். துணி மாதிரியை வெளியூர் வியாபாரிக்குக் காட்டுவதும், ஆர்டர் பிடிப்பதும், பணம் வந்ததா என்று பார்ப்பதும் இன்று கைபேசியில்தான். ட்ரங்க் கால் பதிந்து மணிக்கணக்கில் காத்திருந்த காலம் போயிற்று, செலவும் குறைந்தது. குறைந்தது நிலைத்ததா?

2016 செப்டம்பரில் ஜியோ 'இலவசம்' என்று வந்தது. சிறு கம்பெனிகள் பல கடையைக் கட்டின. 2024 ஜூலையில் ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா மூன்றும் அடுத்தடுத்த நாட்களில் கட்டணத்தை ஏற்றின. தூண்டிலில் குத்திய புழு மீனுக்கு விருந்தா, தோழர்களே?

அன்று ஏற்றாமல் நின்றது பொதுத்துறையான பி.எஸ்.என்.எல். மக்கள் அதை நாடினார்கள். நாடியவர்கள் கண்டதென்ன? ஏர்டெல் 2012-லேயே 4ஜி தொடங்கிவிட்டது, பி.எஸ்.என்.எல்.லின் நாடு தழுவிய 4ஜிக்கோ 2025 செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று! காலைக் கட்டி ஓடவிட்டு, 'தோற்றான் பார்' என்று கைகொட்டுவது எந்த ஊர் நியாயம்?

தையல் கூலி, கேட்டுப் போராடினாலொழிய ஏறுவதில்லை. டெலிபோன் கட்டணமோ கேளாமலே ஏறுகிறது. அதற்குக் கடிவாளம் வேண்டுமானால், பி.எஸ்.என்.எல். கோபுரத்தில் சிக்னல் அறுபடாமல் வரவேண்டும். அதைக் கேட்டு வாங்குவது நம் வேலை.