மாமனாரின் ஹெரால்டு

பாகூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கம் கடிதம் எழுதியிருக்கிறார். சமையல் சந்தேகம் இல்லை. நாத்தனார் மீது புகாரும் இல்லை. கடிதம் முழுவதும் ஒரு மோட்டார் காரைப் பற்றி!

காலஞ்சென்ற மாமனார் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' கார் ஒன்று வைத்திருந்தாராம். இரண்டு கதவு வண்டி. பதினைந்து வருஷமாக மாட்டுக் கொட்டகையில் கிடக்கிறது. பின் ஸீட்டில் கோழி முட்டையிடுகிறது. காயலான் கடைக்காரர் மாதம் தவறாமல் வந்து விலை கேட்கிறார். மாமியார் விற்கக் கூடாது என்கிறார். கணவரோ, "நானே பழுது பார்த்து, கூரையைக் கழற்றிவிட்டு, ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி ஆக்கிக் காட்டுகிறேன் பார்" என்று ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் கொட்டகையிலேயே கழிக்கிறார். வருகிற ஜூனில் பெண் கல்லூரியில் சேர வேண்டும். "நான் யார் பக்கம் பேசுவது?" என்று கேட்கிறார் சகோதரி.

யார் பக்கமும் இப்போதைக்குப் பேச வேண்டாம். கொட்டகையில் கிடப்பது என்ன என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்காரர் சொல்வது பாதி பைத்தியக்காரத்தனம். மற்றப் பாதி உண்மை. உண்மையை முதலில் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் 'டிரையம்ஃப்' கம்பெனியார் 1959-ல் ஹெரால்டு காரை வெளியிட்டார்கள். உருவம் வரைந்து கொடுத்தவர் இத்தாலியில் டூரின் நகரத்துக்காரரான ஜியோவன்னி மிக்கலோட்டி. மூன்று வருஷம் கழித்து, 1962-ல், அதே ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கி, அதே மிக்கலோட்டியைக் கொண்டு மேலே வேறு சட்டை தைத்துப் போட்டார்கள். அதுதான் ஸ்பிட்ஃபயர். உலகமெங்கும் இளைஞர்கள் மோகித்த அந்த ஸ்போர்ட்ஸ் கார் 1980 வரையில் 3 லட்சத்துக்கு மேல் விற்பனையாயிற்று. முன் சக்கர அமைப்பு, பின் சக்கர அமைப்பு, எஞ்சின் வம்சம் எல்லாம் ஹெரால்டுக்கும் ஸ்பிட்ஃபயருக்கும் ஒன்றே. அக்காள் வீட்டோடு இருந்து குடும்பம் நடத்தினாள். தங்கை பட்டணம் போய்ப் பேர் வாங்கினாள், அவ்வளவுதான்.

அந்த அக்காள் பிறந்தது நம் ஊர்ப் பக்கம். 1948-ல் தொடங்கிய சென்னை ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி, வண்டலூரில் தொழிற்சாலை வைத்து, 1961 முதல் ஹெரால்டைத் தயாரித்தது. பிற்பாடு நான்கு கதவு வைத்தும் செய்தார்கள். இங்கிலாந்துக்காரர்களே கடைசி வரை செய்யாத காரியம் அது! அப்புறம் 'கஸெல்' என்று பெயர் மாற்றிக்கொண்டு 1970-களில் ஓடியது. 1980-களில் 'ஸ்டாண்டர்டு 2000' என்று பெரிய படகு மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து கம்பெனி கையைச் சுட்டுக்கொண்ட கதை தனிக் கதை. அதை இன்னொரு நாள் சொல்கிறேன்.

வீட்டிலேயே பிரித்து மாட்ட ஹெரால்டைப் போல லாயக்கான கார் அபூர்வம். அதற்கு ஒரு வேடிக்கையான காரணம் உண்டு. கார்களுக்கு முழு உடம்பும் ஒரே வார்ப்பாகச் செய்து தரும் பெரிய கம்பெனி ஒன்றைப் போட்டிக்காரர்கள் வாங்கிவிட்டார்கள். டிரையம்ஃப்காரர்கள் என்ன செய்வார்கள், பாவம்! தனியாக ஒரு சேஸிஸ் செய்து, உடம்பைத் துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்வித்து, எல்லாவற்றையும் போல்ட் போட்டு முடுக்கிவிட்டார்கள். அன்றைக்கு வந்த கஷ்டம் இன்றைக்கு உங்கள் வீட்டுக்காரருக்குச் சௌகரியமாகியிருக்கிறது. மட்கார்டு வேண்டுமா, கழற்றலாம். கூரைகூடப் போல்ட்டில்தான் உட்கார்ந்திருக்கிறது. பானெட்டைத் தூக்கினால் முன் மட்கார்டு இரண்டும் விளக்குகளும் சேர்ந்து முன்பக்கமாகப் பெட்டி மூடி போலச் சாயும். முன் சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை பார்க்கலாம்.

இனி அந்தப் பைத்தியக்காரத்தனம். கூரை கழலும் என்பதற்காகக் கழற்றிவிடலாமா? கூடாது என்பது என் அபிப்பிராயம். கூரை வெயிலுக்கும் மழைக்கும் மட்டும் வைத்ததன்று. வண்டி முறுக்கிக்கொள்ளாமல் பிடித்துக்கொள்வதில் அதற்கும் பங்குண்டு. அன்றியும் ஸ்பிட்ஃபயரின் சக்கர இடைவெளி ஹெரால்டைவிட எட்டரை அங்குலம் குறைவு. கூரையை எடுத்துவிட்டால் கூரையில்லாத ஹெரால்டு கிடைக்குமே தவிர ஸ்பிட்ஃபயர் கிடைக்காது. சட்டமும் குறுக்கே நிற்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

எந்தப் பழைய காரானாலும் வேலையின் வரிசை ஒன்றுதான். முதலில் வண்டி நிற்க வேண்டும். பிறகு திரும்ப வேண்டும். பிறகு ஓடினால் போதும். பளபளப்பு கடைசி. ஆண்பிள்ளைகள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள்! முதல் மாசம் பெயிண்டு, இரண்டாம் மாசம் எஞ்சின், பிரேக் மட்டும் "அப்புறம் பார்த்துக்கலாம்." நீங்கள் பேச வேண்டிய இடம் இதுதான்.

பிரேக்கில் நான்கு சக்கரத்துக்குள்ளும் சிறிய சிலிண்டர்கள் உண்டு. அவற்றுக்குள் ரப்பர் கிண்ணங்கள். பதினைந்து வருஷம் சும்மா கிடந்தால் பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு உள்ளேயே துருவேற்றிவிடும். ரப்பர் முழுவதும் மாற்ற வேண்டும். குழாய்களையும் மாற்றுவது நல்லது. டிரம்மைக் கழற்றும்போது உள்ளே கறுப்பாகத் தூள் இருக்கும். பழைய லைனிங்கில் கல்நார் உண்டு. அது நுரையீரலுக்கு எமன். அதை வாயால் ஊதவும் கூடாது, காற்றுக் குழாயால் அடிக்கவும் கூடாது. ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். குழந்தைகள் அந்தப் பக்கம் வரவே கூடாது.

அடுத்தது, ஹெரால்டுக்கும் ஸ்பிட்ஃபயருக்கும் உள்ள ஒரு குடும்ப ரகசியம். முன் சக்கரத்தைத் தாங்கி நிற்கும் எஃகுத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அது ஒரு வெண்கலக் கட்டைக்குள் திருகி உட்கார்ந்திருக்கிறது. 'ட்ரன்னியன்' என்று பெயர். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை வெண்கலத்துக்குள் புரளுகிறது. இதற்குக் கெட்டியான கியர் எண்ணெய்தான் விட வேண்டும், க்ரீஸ் உதவாது. நம் மெக்கானிக் கைப்பழக்கத்தில் க்ரீஸை அடைத்துவிடுவார். அது உள்ளேயே இறுகிப்போகும், சந்தில் ஈரம் புகும், மரை துருப்பிடிக்கும். ஒரு நாள் மெதுவாகத் திரும்பும்போது தண்டு முறிந்து சக்கரம் மடங்கி உட்காரும். மெதுவாகப் போகும்போது நடந்தால் புண்ணியம் செய்தவர்கள். கடலூர்ச் சாலையில் பஸ்ஸுக்கு எதிரே நடந்தால் நினைக்கவே நெஞ்சு பதறுகிறது. இரண்டு பக்கமும் கழற்றி, மரையைச் சுத்தம் செய்து பார்த்து, சந்தேகம் என்றால் தண்டையே மாற்றச் சொல்லுங்கள். ஸ்பிட்ஃபயர் பிரியர்கள் இங்கிலாந்தில் இன்னும் ஏராளமாக இருப்பதால் அங்கே இவற்றைப் புதிதாகச் செய்து விற்கிறார்கள். தங்கையின் செல்வாக்கு அக்காளுக்கு உதவுகிற இடம் இது.

பின் சக்கரங்களிலும் ஒரு கோளாறு உண்டு. வளைவில் வேகமாகப் போய்ச் சட்டென்று காலை எடுத்தால் சக்கரம் உட்பக்கமாகச் சாய்ந்து வண்டி சறுக்கும். இந்த அமைப்பு நம்மவர்களுக்குப் பிடிக்கவில்லை, கஸெலில் மாற்றிவிட்டார்கள். பாகூர் ஏரிக்கரையில் நிதானமாகப் போகிறவருக்குப் பயமில்லை.

கொட்டகையில் வேலை செய்யும்போது ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்க விடாதீர்கள். செங்கல்லையும் நம்ப வேண்டாம். பாரத்தில் பொட்டென்று உடையும். இரும்புத் தாங்கி நான்கு வாங்கிப் போடச் சொல்லுங்கள். வாங்கிக் கொடுக்காவிட்டால் சாப்பாடு கிடையாது என்று நீங்கள் சத்தியாக்கிரகம் செய்தாலும் நான் உங்கள் பக்கம்.

துரு விஷயம். வில்லியனூரானாலும் பாகூரானாலும் உப்புக் காற்றுக்கு எட்டாத தூரமில்லை. போதாக்குறைக்கு 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெங்கல் புயல் வந்து, புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்ததே! அன்றைக்கு உங்கள் கொட்டகையில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று மாமியாரைக் கேளுங்கள். சக்கரத்தின் நடுவுக்கு மேல் நின்றிருந்தால், கியர் பெட்டி எண்ணெயையும் பின் ஆக்ஸில் எண்ணெயையும் இறக்கிப் பார்க்காமல் வண்டியைத் தள்ளக்கூட வேண்டாம். எண்ணெய் மோர் மாதிரி வந்தால் உள்ளே தண்ணீர். சேஸிஸை ஒரு சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போகச் சொல்லுங்கள். கணீரென்றால் இரும்பு; பொதக்கென்றால் துரு. சேஸிஸின் முதுகெலும்பே பொதக்கென்றால், சகோதரி, மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு காயலான் கடைக்காரரைக் கூப்பிடலாம். ஓரத்துக் கைகள் மட்டும் போயிருந்தால் வெட்டி வெல்டிங் செய்துகொள்ளலாம்.

ஸ்பேனர் வாங்கும்போது அங்குல அளவில் வாங்குங்கள். 13 மில்லி மீட்டர் ஸ்பேனர் அரை அங்குல நட்டில் நுழையத்தான் செய்யும். ஆனால் கொஞ்சம் தொளதொளவென்றிருக்கும். துருப்பிடித்த நட்டில் பலமாகத் திருகினால் மூலை மழுங்கிப்போகும். இந்த இடத்தில் புதுச்சேரிக்காரர்களுக்குப் பிடித்த ஒரு சமாசாரம் ஞாபகம் வருகிறது. 'எம்.ஜி. டி.சி.' என்று 1945 முதல் 1949 வரை வந்த ஆங்கில ஸ்போர்ட்ஸ் கார் உலகப் பிரசித்தம். அதன் எஞ்சினில் உள்ள மரைகள் எல்லாம் பிரெஞ்சு மெட்ரிக் அளவு! ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனி கவன்ட்ரி நகரில் வைத்திருந்த தொழிற்சாலையை 1923-ல் மாரிஸ் வாங்கினார்; இயந்திரங்களோடு மரை அளவும் கூடவே வந்துவிட்டது. ஆனால் போல்ட்டின் தலையை மட்டும் ஆங்கில ஸ்பேனருக்குப் பொருந்தும்படி செய்துவிட்டார்கள். உள்ளே பிரெஞ்சு, வெளியே இங்கிலீஷ். இன்றைக்கும் அதைப் பழுது பார்க்கிறவர்கள் கடையில் போல்ட் கேட்டுத் திண்டாடுகிறார்கள்.

உங்கள் ஹெரால்டுக்கு அந்தத் திண்டாட்டம் இல்லை. சென்னையில் புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் நாள் முழுவதும் அலையத் தயாரென்றால் பழைய சாமான் அகப்படும். அகப்படாத புஷ்களையும் தண்டுகளையும் உள்ளூரில் பம்ப்செட் மோட்டாருக்கு வேலை செய்யும் லேத் பட்டறையில் கடைந்து வாங்கலாம். வயல்காட்டு மோட்டாரைப் பிழைக்க வைக்கிற கை அது, நம்பலாம்.

பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். 2025-ல் அந்த அளவு வந்துவிட்டது. பழைய ரப்பர் குழாயும் பம்ப்பின் உள்ளேயுள்ள சவ்வும் இதைத் தாங்கா, உப்பிக் கசியும். சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும் என்று சமையலறையில் நெருப்போடு பழகும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எத்தனால் தாங்கும் குழாய் கேட்டு வாங்க வேண்டும். பழைய வயரிங் முழுவதையும் பிடுங்கிப் புதிதாக இழுத்து, வழியில் ஃப்யூஸ் வைப்பதும் வீண் செலவல்ல. ஸீட் பெல்ட்டு அவசியம். இரட்டைக் கார்புரேட்டர், பெரிய எஞ்சின் என்று உங்கள் வீட்டுக்காரர் ஆரம்பித்தால், "டிரம் பிரேக் அதைப் பிடித்து நிறுத்துமா?" என்று மட்டும் கேளுங்கள். ஸ்பிட்ஃபயருக்கு முன்னால் டிஸ்க் பிரேக் வைத்தது சும்மாவா?

செலவுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். அது உங்கள் கையில் இருக்கட்டும். பெண்ணின் கல்லூரிப் பணத்தை வேறு கணக்கில் இன்றைக்கே ஒதுக்கிவிடுங்கள். மிச்சத்தில் மாதம் இவ்வளவு என்று கொடுங்கள். பிரேக்கும் ட்ரன்னியனும் முடிந்து, நீங்களே முற்றத்தில் பெடலை மிதித்துப் பார்த்த பிறகுதான் பெயிண்டுக்குக் காசு. வருஷம் இரண்டானால் ஆகட்டும். பதினைந்து வருஷம் கிடந்த வண்டிதானே!

சட்டத்துக்கு வருகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, கம்பெனி செய்த உருவத்தை இஷ்டம்போல மாற்றக் கூடாது. அன்றியும் 2021-ல் மத்திய சர்க்கார் பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. 50 வருஷத்துக்கு மேற்பட்டதாக இருந்து, சேஸிஸ், உடம்பு, எஞ்சின் எதையும் பெரிதாக மாற்றாமல் மூல ரூபத்தில் காப்பாற்றியிருந்தால் அந்தத் தகுதி கிடைக்கும். புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், புதுப்பிக்க 5,000. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்தப் பதிவில் தினசரி உபயோகம் கிடையாது. கண்காட்சி, ஊர்வலம், பழுது பார்க்க, பெட்ரோல் போட என்ற மட்டில்தான். கூரையைக் கழற்றினால் இந்தத் தகுதி போய்விடும். மாமனாரின் நம்பரோடு வண்டி ஓட வேண்டுமென்றால் கூரை தலைக்கு மேல் இருந்தாக வேண்டும்.

இவ்வளவுக்கும் ஆதாரம் ஆர்.சி. புத்தகம். அது இல்லாமல் ஒரு நட்டுக்கூடக் கழற்ற வேண்டாம். மாமனார் அதை எங்கே வைத்திருந்தார் என்று உங்கள் மாமியாருக்குத்தான் தெரியும். இன்று சாயங்காலம் காபி கொடுத்துவிட்டு மெல்லக் கேளுங்கள்.