'கிளவுட்ல இருக்குல்ல, அது போதாதா?' - இலங்கை அரசு இழந்த 100 நாள் மின்னஞ்சல்கள் சொல்லும் பதில்

2023 ஆகஸ்ட் 26. இலங்கை அரசின் கிளவுட் அமைப்பு ரேன்சம்வேர் தாக்குதலுக்கு உள்ளானது. 'ஜிஓவி.எல்கே' என்று முடியும் சுமார் 5,000 அரசு மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம்.

சுமார் 12 மணி நேரத்தில் அமைப்பு மீண்டும் இயங்கத் தொடங்கிவிட்டது. ஆனால், இன்பாக்ஸைத் திறந்தவர்களுக்கு அதிர்ச்சி. மே 17-க்குப் பிறகு வந்த, அனுப்பிய மின்னஞ்சல் ஒன்றுகூட இல்லை. ஏறத்தாழ 100 நாள் கடிதப் போக்குவரத்து மொத்தமாகப் போய்விட்டது. அந்தக் காலத்துக்கான பேக்கப் இல்லை என்பதை, அமைப்பை நிர்வகிக்கும் ஐசிடிஏ நிறுவனமே பின்னர் ஒப்புக்கொண்டது.

ஒரு நாட்டின் அரசுக்கே இந்த நிலை என்றால், தனி ஆள் வைத்திருக்கும் லேப்டாப்பின் கதி?

நல்லம்பள்ளிக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

தருமபுரியிலிருந்து தொப்பூர் செல்லும் வழியில், சேலம் - பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது நல்லம்பள்ளி. பெங்களூரு நிறுவனத்தில் வேலை, வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்தே பணி என்று இருக்கும் ஒருவர் இங்கே இருப்பதாக வைத்துக்கொள்வோம். கையில் ஒரு லேப்டாப், ஒரு செல்போன். மூன்று வருட வேலை அந்த இரண்டுக்குள்தான் இருக்கிறது. பஸ்ஸில் பை தொலைந்தாலோ, டீ கொட்டினாலோ, தெரியாத லிங்க்கை அழுத்தினாலோ என்ன ஆகும்?

"எல்லாம் டிரைவ்ல இருக்கு, பயமில்ல" என்பதுதான் பலரும் சொல்லும் பதில். அந்த நம்பிக்கையில்தான் ஓட்டை இருக்கிறது.

சிங்க் வேறு, பேக்கப் வேறு

கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்ற சேவைகள் சாதாரணமாகச் செய்வது 'சிங்க்'. அதாவது, லேப்டாப்பில் இருப்பதை அப்படியே கிளவுடிலும் பிரதிபலிப்பது. கண்ணாடி மாதிரி. லேப்டாப்பில் ஒரு ஃபோல்டரை அழித்தால் கிளவுடிலும் அழியும். ரேன்சம்வேர் உங்கள் ஃபைல்களைப் பூட்டினால், பூட்டிய ஃபைலே மேலே போய் உட்கார்ந்துகொள்ளும்.

கூகுள் டிரைவின் டிராஷில் அழித்த ஃபைல் 30 நாள் இருக்கும். ஜிமெயிலிலும் அதே 30 நாள்தான். அதற்குள் கவனித்தால் மீட்கலாம். 31-ஆவது நாள் நினைவுக்கு வந்தால், 'அய்யோ' என்று தலையில் கை வைக்க வேண்டியதுதான்.

மின்னஞ்சலிலும் இதே குழப்பம் உண்டு. செல்போனில் ஒன்று, லேப்டாப்பில் ஒன்று என இரண்டு இடத்தில் மெயில் தெரிவதால் இரண்டு நகல் இருப்பதாகத் தோன்றும். உண்மையில் இரண்டுமே ஒரே சர்வரைப் பார்க்கும் இரண்டு ஜன்னல்கள். சர்வரில் போனால் இரண்டிலும் போகும்.

எய்ம்ஸ் தப்பியது எப்படி?

2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையும் ரேன்சம்வேரில் சிக்கியது. 5 சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டதாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. பல நாள்கள் நோயாளிகளின் விவரங்களைக் கைப்பட எழுதியே சமாளித்தார்கள்.

ஆனால், இ-ஹாஸ்பிட்டல் தரவு திரும்பக் கிடைத்தது. காரணம், தாக்குதல் தொடாத ஒரு பேக்கப் சர்வர் இருந்ததுதான். அதிலிருந்து எடுத்துப் புதிய சர்வர்களில் ஏற்றினார்கள்.

இலங்கையில் தாக்குதல், ஆன்லைனில் இணைந்திருந்த பேக்கப் அமைப்பையும் சேர்த்தே பூட்டியது. பிரிந்து நின்ற நகல் காப்பாற்றியது, ஒட்டி நின்ற நகல் சேர்ந்தே மாட்டிக்கொண்டது. அதற்குப் பிறகுதான் தினமும் ஆஃப்லைன் பேக்கப் எடுக்கும் முடிவுக்கு ஐசிடிஏ வந்தது.

இன்னொரு பாடமும் அங்கே உண்டு. இலங்கை அரசு பயன்படுத்தியது மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற பழைய மென்பொருள். அதற்கான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2023 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. 2021 முதலே மாற்றத் திட்டமிட்டும், நிதிப் பற்றாக்குறை உள்ளிட்ட காரணங்களால் தள்ளிப்போனது. 'அப்டேட் பண்ணவா?' என்று கேட்கும் லேப்டாப்பிடம் 'நாளைக்கு' என்று சொல்லும் எல்லோருக்கும் இது பொருந்தும்.

ஹேக்கர் வந்தால்தான் ஆபத்தா?

இல்லை. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் நகரில் உள்ள அரசுத் தரவு மையத்தில் லித்தியம் பேட்டரியிலிருந்து தீப்பற்றியது. அரசு ஊழியர்கள் வேலை ஃபைல்களைச் சேமித்துவைத்த 'ஜி-டிரைவ்' அதில் எரிந்துபோனது. அதிலிருந்த தரவு 858 டெராபைட். அளவு மிகப் பெரியது என்பதால் வெளியே வேறெங்கும் அதன் நகல் வைக்கப்படவில்லை. கிளவுட் என்பது ஆகாயத்தில் இல்லை, எங்கோ ஒரு கட்டடத்தில் இருக்கும் கம்ப்யூட்டர்தான் என்பதை அந்தத் தீ காட்டியது.

அப்படியென்றால் என்ன செய்யலாம்?

தொழில்நுட்பத் துறையில் '3-2-1' என்று ஒரு எளிய விதி உண்டு. முக்கியமான ஃபைலுக்கு மொத்தம் 3 பிரதிகள், 2 வகையான சேமிப்பில், அதில் 1 வேறு இடத்தில். லேப்டாப்பில் ஒன்று, எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, கிளவுடில் ஒன்று என்று வைத்தால் கணக்கு சரியாகிவிடும். சில விஷயங்களில் மட்டும் கவனம் தேவை.

ஹார்ட் டிஸ்க்: பேக்கப் எடுத்து முடித்ததும் கழற்றி வைத்துவிட வேண்டும். எப்போதும் லேப்டாப்பில் செருகியே இருந்தால், லேப்டாப்புக்கு வரும் ஆபத்து அதற்கும் வரும். ஞாயிற்றுக்கிழமை காலை போல ஒரு நேரத்தைப் பழக்கமாக்கிக்கொள்வது நல்லது. டிஸ்க் தொலைந்தாலும் வேறு யாரும் திறக்க முடியாதபடி பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிவையுங்கள். அந்த பாஸ்வேர்டை அதே லேப்டாப்பில் மட்டும் எழுதிவைப்பது, சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவது போலத்தான்.

ஜிமெயில்: 'கூகுள் டேக்அவுட்' வழியாக உங்கள் மெயில் முழுவதையும் 'எம்பாக்ஸ்' வகை ஃபைலாக இறக்கிக்கொள்ளலாம். தண்டர்பேர்ட் போன்ற இலவச மென்பொருளில் அதைத் திறந்து படிக்கலாம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தானாகவே தயாராகும்படி ஓராண்டுக்கு அமைக்கும் வசதியும் உண்டு. ஆனால், அந்த ஃபைலை மறுபடியும் அதே கூகுள் டிரைவில் போட்டுவைத்தால் பிரயோஜனம் இல்லை. கணக்கு முடங்கினால் இரண்டும் சேர்ந்தே முடங்கும். ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றுங்கள்.

இடம்: கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி, ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான். அது நிறைந்தால் புதிய மெயில் வராமல் நின்றுவிடும். இரண்டு ஆண்டுகள் தொடாமல் விட்ட தனிநபர் கணக்கை அழிக்கவும் கூகுளுக்கு விதி இருக்கிறது. பழைய கணக்கில் முக்கியமானது ஏதாவது இருந்தால் அவ்வப்போது உள்ளே போய் வாருங்கள்.

ஆபீஸ் ஃபைலை என் டிரைவில் போடலாமா?

கூடாது. நிறுவனத்தின் ஃபைல் நிறுவனத்துடையது. அதில் வாடிக்கையாளர்களின் விவரம் இருந்தால் விஷயம் இன்னும் பெரிது. 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைப் பாதுகாக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வழிசெய்கிறது. நல்ல எண்ணத்தில் எடுத்த பேக்கப்பே வேலைக்கு உலை வைக்கலாம். நிறுவனத்தின் ஐ.டி. பிரிவிடம், 'எந்த ஃபோல்டரில் போட்டால் பேக்கப் ஆகும்?' என்று கேட்டு, அங்கே மட்டும் சேமிப்பதே வழி.

அதே நேரம், உங்களுக்கே உரியவற்றை விட்டுவிடாதீர்கள். பணி நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16 ஆகியவை பெரும்பாலும் ஆபீஸ் மெயிலுக்கே வரும். வேலையை விட்ட நாளிலேயே அந்த மெயில் மூடப்படலாம். அப்புறம் வீட்டுக் கடனுக்கு வங்கி கேட்கும்போது அலைய வேண்டும். வேலையில் இருக்கும்போதே மாதாமாதம் இறக்கி வையுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை

2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிறுவனமான கிட்லேப்பில் ஓர் ஊழியர் தவறான சர்வரில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். பேக்கப்புக்கு 5 வழிகள் இருந்தன. அவசரத்துக்கு எதுவும் சரியாக வேலை செய்யவில்லை. பேக்கப் தோல்வியடைவதைச் சொல்லும் எச்சரிக்கை மின்னஞ்சல்கள்கூட யாருக்கும் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. தற்செயலாக 6 மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு நகல்தான் கைகொடுத்தது.

ஆகவே, 'பேக்கப் இருக்கு' என்பதோடு நிறுத்திவிடக் கூடாது. உங்கள் நகல் மூலத்திலிருந்து பிரிந்து இருக்கிறதா? கடைசியாக எந்தத் தேதியில் எடுத்தது? அதைத் திறந்து பார்த்தீர்களா? இலங்கை இடறியது முதல் இரண்டு கேள்விகளில், கிட்லேப் இடறியது மூன்றாவதில்.

இன்று இரவே உங்கள் பேக்கப்பிலிருந்து ஏதாவது ஒரு ஃபைலை வேறொரு கருவியில் திறந்து பாருங்கள். ஐந்து நிமிட வேலை. திறக்கவில்லை என்றாலும் நல்லதுதான், அசல் இன்னும் கையில் இருக்கும்போதே தெரிந்துவிட்டதே!