குளியலுடையில் கலந்த பால்

1930-களில் பிளாக்பூல், பிரைட்டன் முதலிய ஆங்கிலேயக் கடற்கரைகளில் உல்லாசமாக உலவிய பெண்மணிகளின் வர்ண விசித்திரமான குளியலுடைகளை அருங்காட்சியகங்கள் கண்ணாடிப் பேழைகளில் வைத்துப் போற்றுவது நியாயமே. ஆனால் அப்பேழைகளில் பால்மரம் சீவும் உளி ஒன்றுக்கும் இடம் வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

அதற்கு முன்னர் அப்பெண்கள் அணிந்த கம்பளி உடை, நனைந்த மாத்திரத்தில் நீரை உறிஞ்சிக் கனத்து, உடலைவிட்டுத் தொங்கி, அணிந்தவரைக் கூசச் செய்தது. 1931-இல் வெளிவந்த ‘லாஸ்டெக்ஸ்’ என்னும் நூல், ரப்பர்ப் பாலை நுண்ணிய இழையாக்கி அதன்மேல் பருத்தியையோ பட்டையோ சுற்றியதாகையால், இழுத்தால் நீண்டு, விட்டால் உடலோடு பொருந்தி, நீந்தும் பெண்ணுக்குப் பெரும் சௌகரியத்தை அளித்தது. தோட்டத்துப் பாலில் பெரும்பகுதி தகடாகிப் புகையூட்டப்பட்டதாயினும், இந்த நூலுக்கு உறையாத பாலே தேவைப்பட்டபடியால், அமோனியா கலந்து திரவமாகவே கப்பலேற்றினார்கள்.

அக்காலத்தில் உலக ரப்பரில் பெரும்பங்கை அளித்தது மலாயா. தஞ்சோங் மாலிம் வட்டாரத் தோட்டங்களில், விடியுமுன்பே பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு ஆஜராகி, கொசுக்கடிக்கு அஞ்சி ஆண்களின் முழுக்கைச் சட்டையைக் கைலியின்மேல் அணிந்து, பட்டையைச் சீவி, மங்கு என்னும் கிண்ணத்தில் சொட்டிய பாலை வாளிகளில் சுமந்த நம் தாய்மார்கள், மாலையில் லயத்துக் குழாயடியில் மார்புக்குமேல் முடிந்த அதே கைலியோடு குளித்தார்கள். அவர்கள் கடலைக் கண்டது, பெரும்பாலும், கப்பலில் வந்தபோதுதான்.

1938-ஆம் ஆண்டை நினைக்கும்போது என் நெஞ்சு கனக்கிறது. தொழிலாளருக்குச் சம்பளத்துடன் ஒரு வார விடுமுறை கிடைக்க வழிவகுக்கும் சட்டத்தைப் பிரிட்டிஷ் பாராளுமன்றம் நிறைவேற்றியதும், தோட்டக் கூலி குறைக்கப்பட்டதையொட்டி மலாயாவுக்கு உதவியுடன் ஆளனுப்புவதை இந்திய அரசாங்கம் தடுத்ததும் அவ்வாண்டில்தான். அந்த விடுமுறையை நான் குறைகூறவில்லை. லங்காஷயர் ஆலைத் தொழிலாளியும் உழைத்துக் களைத்தவரே. எனினும் அவருக்குக் கிட்டிய ஒரு வாரத்தில் பாலெடுத்தவருக்கும் ஒரு நாள் கிட்டியிருக்க வேண்டாமா?

1958-இல் டூபான்ட் கம்பெனியின் ஜோசப் ஷிவர்ஸ் செயற்கை நெகிழிழையைக் கண்டபின் குளியலுடையிலிருந்து ரப்பர் மெல்ல விலகியது. இங்கே தஞ்சோங் மாலிமிலும் செம்பனையும் மோட்டார்த் தொழிற்சாலையும் வந்துவிட்டன. ஆயினும் பால்மரம் சீவிய பாட்டிமார் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் இந்தப் பள்ளி விடுமுறையிலேயே அவர்களிடம் சென்று, வீட்டுப் பின்கட்டில் துருவேறிக் கிடக்கும் உளியையும் மங்கையும் கேட்டு வாங்கி, அவற்றைப் பிடித்த கைகளின் பெயரை எழுதிவைக்கட்டும்.