பெருந்திரை மடிக்கணினி

உழவனுடைய கலப்பை அவன் நிலத்திற்கும் மாட்டிற்கும் ஏற்றதாக இருத்தல் வேண்டும். ஆழ உழும் பெருங்கலப்பையை இளைத்த மாட்டின் கழுத்தில் பூட்டினால், நிலமும் செம்மையாக உழப்படாது. மாடும் நொந்து போகும். கலப்பையும் நல்லதே, மாடும் நல்லதே, பொருத்தந்தான் பிழைத்தது. எக்கருவியாயினும் அதன் சிறப்பு அளவில் மட்டும் இல்லை. செய்யும் வேலைக்கும், செய்யும் இடத்திற்கும், செய்வோர் வலிமைக்கும் அது பொருந்தி நிற்பதிலேயே உள்ளது.

இவ்வுண்மையை இன்று நினைத்துப் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. மேல்நிலைக் கல்வி முடித்துக் கல்லூரியிற் புகும் மகனுக்கோ மகளுக்கோ மடிக்கணினி வாங்கித் தரப் பெற்றோர் பலர் முயல்கின்றனர். நெல் விற்ற பணமும் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணமும் அதற்குச் செலவாகின்றன. கடையில் வரிசையாக வைக்கப்பட்ட கருவிகளுள் பெரிய திரை உடையதே கண்ணைக் கவர்கிறது. கொடுக்கும் பணத்திற்குப் பெரிதாகவே இருக்கட்டும் என்று தந்தை எண்ணுகிறார். அவ்வெண்ணம் இயல்பே, ஆயினும் ஆராயத்தக்கது. ஒருமுறை வாங்கியபின் மற்றொன்று வாங்கப் பொருள் இல்லாத குடும்பத்தில், அன்று நேரும் பிழை படிப்பு முடியும் வரை பிள்ளையின் தோளில் தொங்கும்.

மடிக்கணினி என்னும் பெயரே இவ்வாராய்ச்சிக்கு ஒரு வழி காட்டுகிறது. மடி என்னும் சொல் அமர்ந்தவரின் தொடைமேல் உள்ள இடத்தைக் குறிக்கும். மடித்தல் என்னும் செயலையும் குறிக்கும். மடிமேல் வைக்கத்தக்கது, மடித்து எடுத்துச் செல்லத்தக்கது என்னும் இரு பொருளும் இக்கருவிக்குப் பொருந்துகின்றன. ஆனால், திரை 17 அங்குலத்தை எட்டியதும் அவற்றுள் ஒரு பொருள் நழுவத் தொடங்குகிறது. அத்தகைய கணினியை மடிக்கலாம். மடிமேல் வைத்து நெடுநேரம் பணி செய்தல் அரிது.

எடுத்துச் செல்லும் கணினியின் வரலாறு சிறிய திரையிலிருந்தே தொடங்கிற்று. 1981-ஆம் ஆண்டில் ‘ஆஸ்போர்ன் 1’ என்னும் கணினி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதனை வெளியிட்ட ஆடம் ஆஸ்போர்ன் திருவண்ணாமலையில் இளமைப் பருவத்தைக் கழித்தவர். 2003-ஆம் ஆண்டில் கொடைக்கானலில் மறைந்தவர். தமிழ்நாட்டோடு இவ்வாறு தொடர்புடைய அவருடைய கணினி, தையற்பொறிப் பெட்டி போன்ற உருவமும் ஏறத்தாழ 11 கிலோ எடையும் உடையதாக இருந்தது. அத்துணைப் பெரிய பெட்டியில் திரையின் அளவு 5 அங்குலமே. ஒரு வரியில் 52 எழுத்துகளுக்கு மேல் அதில் தோன்றா. நீண்ட வரியைப் படிப்பவர், திரையில் தோன்றும் பகுதியைப் பக்கவாட்டில் நகர்த்தி நகர்த்தியே படிக்க வேண்டியிருந்தது. கருவியை எடுத்துச் செல்ல முடிந்தது. கண்ணாரப் பார்க்க முடியவில்லை.

எடுத்துச் செல்லுதல், பார்த்தல் ஆகிய இவ்விரு தேவைகளும் அன்று முதல் இன்று வரை ஒன்றோடொன்று பிணங்கியே வருகின்றன. மெல்லிய தட்டைத் திரைகள் வந்தபின் திரையின் அளவு வளரலாயிற்று. 2003-ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் 17 அங்குலத் திரை கொண்ட மடிக்கணினியை வெளியிட்டது. அதன் எடை ஏறத்தாழ 3 கிலோ. 2006-ஆம் ஆண்டில் டெல் நிறுவனம் 20 அங்குலத்தினும் சற்று மிகுந்த திரையோடு ஒன்றை வெளியிட்டது. அதன் எடையோ 8 கிலோவைத் தாண்டிற்று. கண் மகிழ்ந்தது, தோள் வருந்தியது. அத்துணைப் பெரிய கருவிகள் மக்களிடையே பெருவழக்காகவில்லை. 17 அங்குலக் கருவியையும் ஆப்பிள் நிறுவனம் 2012-ஆம் ஆண்டில் விற்பனையிலிருந்து நீக்கிவிட்டது.

எனினும், பெருந்திரையின் நலன்களைக் குறைத்துக் கூறுதல் நேர்மையன்று. திரையின் அளவு, ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரை குறுக்காக அளக்கப்படுவது. அகலமும் உயரமும் 16-க்கு 9 என்னும் விகிதத்தில் அமைந்த 14 அங்குலத் திரையையும் 17.3 அங்குலத் திரையையும் ஒப்பிட்டால், பின்னதன் பரப்பு முன்னதைப்போல் ஒன்றரை மடங்காகும். அப்பரப்பில் ஒருபுறம் பாடநூலையும் மறுபுறம் குறிப்பேட்டையும் விரித்து வைத்துப் படிக்கலாம். கணக்கர் பல பத்திகளை ஒருசேரக் காணலாம். கட்டட வரைபடம் வரைவோர்க்கும் நிழற்படம் திருத்துவோர்க்கும் அது பெருந்துணை. வயது முதிர்ந்து பார்வை மங்கியவர்க்குப் பெரிய எழுத்து ஒரு வரமே ஆகும். மேலும், அகன்ற உடலில் எண்களுக்கெனத் தனி விசைகள் அமைகின்றன. உள்ளே பெரிய விசிறிகளுக்கும் வெப்பத்தை வெளியேற்றும் தகடுகளுக்கும் இடம் கிடைப்பதால், கடும்பணியிலும் கணினி வேகம் குன்றாது நெடுநேரம் இயங்கும்.

இங்கு ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். திரை பெரிதானால் அதில் அடங்கும் செய்தியும் மிகும் என்று பலர் கருதுவர். செய்தியின் அளவைப் பெரிதும் வரையறுப்பது பிக்சல் எனப்படும் ஒளிப்புள்ளிகளின் தொகையாகும். மேற்கூறிய இரு திரைகளும் அகலத்தில் 1920, உயரத்தில் 1080 என ஒரே தொகைப் புள்ளிகளைக் கொண்டிருத்தல் கூடும். அப்போது சிறிய திரையில் ஓர் அங்குலத்திற்கு ஏறத்தாழ 157 புள்ளிகளும், பெரிய திரையில் 127 புள்ளிகளும் அமையும். இரண்டையும் ஒரே அமைப்பில் வைத்துப் பார்த்தால், பெரிய திரையில் எழுத்து பருக்குமேயன்றி வரிகள் கூடா, கூர்மையும் மிகாது. செம்பிலுள்ள பாலை அகன்ற தட்டில் ஊற்றினால் பால் பரவுமே தவிரப் பெருகாது. ஆகவே, அங்குலத்தை மட்டும் கேட்டு அமையாது, புள்ளிகளின் தொகையையும் கேட்டறிதல் வேண்டும்.

இனிக் குறைகளைக் காண்போர்க்கு முதலில் புலப்படுவது சுமை. 17 அங்குலக் கருவிகள் பல இரண்டரை முதல் மூன்று கிலோ வரை எடை கொண்டவை. ஆற்றல் மிக்க கருவிக்கு மின்னேற்றியும் பெரிதாக இருக்கும். நூல்களும் உணவுப் பெட்டியும் நீர்க்குப்பியும் உடன் சேர்ந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நெரிசல் மிக்க பேருந்தில் நின்றவாறே கல்லூரிக்குச் செல்லும் மாணவியின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 17.3 அங்குலத் திரையின் அகலமே 38 சென்டிமீட்டர். வகுப்பறை நாற்காலியோடு பொருத்திய சிறு பலகையில் அக்கருவி அடங்காது. சில திங்கள் சுமந்தபின் அவள் அதனை வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்லத் தொடங்குவாள். பாடம் நடக்கும் இடத்திற்கு வாராத கருவி எத்துணைப் பெரிதாயினும் பயன் யாது?

அடுத்த குறை மின்செலவு. திரைக்கு ஒளியூட்டுதற்கே மின்னாற்றலில் கணிசமான பங்கு செலவாகிறது. பரப்பு மிகுந்தால் அதே ஒளிக்கு மின்சாரமும் மிகுதியாக வேண்டும். மின்கலத்தைப் பெரிதாக்கி ஈடு செய்யலாமெனின், அதற்கும் எல்லை உண்டு. 100 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் மின்கலத்தை விமானத்தில் கொண்டு செல்ல விமான நிறுவனத்தின் இசைவு தேவை. ஆதலால், மடிக்கணினி செய்வோர் பெரும்பாலும் அவ்வெல்லையைக் கடப்பதில்லை. 2019-ஆம் ஆண்டில் ஆப்பிள் வெளியிட்ட 16 அங்குலக் கருவியின் மின்கலம் 100 வாட்-மணி அளவில் நின்றது இதற்குச் சான்றாகும்.

மூன்றாவது, உடல்நலம் பற்றியது. மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் பிணைந்தே இருக்கின்றன. திரையைக் கண்மட்டத்திற்கு உயர்த்தினால் கைகள் உயர்ந்து வலிக்கும்; கைகளுக்கேற்பத் தாழ்த்தினால் கழுத்து குனியும். இக்குறையைப் பெருந்திரை தீர்ப்பதில்லை. எண் விசைகள் வலப்புறத்தில் இடம் பிடித்துக்கொள்வதால் எழுத்து விசைகள் இடப்புறம் ஒதுங்குகின்றன. தட்டச்சு செய்பவரும் திரையின் நடுவிற்கு நேராக அமராமல் சற்று ஒதுங்கியே அமர நேர்கிறது.

எடைக்குறையை இன்றைய அறிவியல் நீக்கிவிட்டதே என்று சிலர் வினவலாம். அதிலும் உண்மை உண்டு. 2019-ஆம் ஆண்டில் எல்ஜி நிறுவனம் வெளியிட்ட 17 அங்குல மடிக்கணினியின் எடை 1.34 கிலோவே. இது பாராட்டத்தக்க முன்னேற்றம். ஆயினும், அத்தகைய கருவிகளின் விலை மிகுதி. எளிய குடும்பத்தின் கைக்கு எட்டுவதன்று. மேலும், எடை குறைந்ததேயன்றி அகலம் குறையவில்லை.

அங்ஙனமாயின், பெருந்திரை மடிக்கணினி யார்க்கு உரியது? பெரும்பாலும் ஓரிடத்திலேயே இருந்து பணி செய்வோர்க்கு உரியது. மேசைக் கணினிக்கென நிலையாக இடம் ஒதுக்க இயலாத சிறு வீட்டில், வேலை முடிந்ததும் மடித்து அலமாரியில் வைப்பதற்கு அது மிக ஏற்றது. எப்போதேனும் ஒருமுறை வெளியிடத்திற்கு எடுத்துச் செல்லும் கணக்கர்க்கும் பொறியாளர்க்கும் அது தக்க துணை. நாள்தோறும் சுமந்து செல்லும் மாணவர்க்கோ 14 அங்குல அளவே போதும். அவர்க்குப் பெரிய பரப்பு தேவைப்படின், பின்னொரு நாள் 24 அங்குலத் தனித்திரை ஒன்றை வாங்கி வீட்டில் இணைத்துக்கொள்ளலாம். அதன் பரப்பு 17.3 அங்குலத் திரையைப்போல் ஏறத்தாழ இரு மடங்காகும். அதைக் கண்மட்டத்தில் நிறுத்தித் தனி விசைப்பலகையையும் இணைத்தால் கழுத்திற்கும் நோவு இராது. திரை வீட்டில் தங்கும். கணினி பிள்ளையோடு செல்லும். நெடுங்காலம் பிணங்கி நின்ற இரு தேவைகளும் இவ்வாறு பிரிந்து அமைதி பெறும்.

கடையில் கருவியைக் காண்பது கண். நாள்தோறும் சுமப்பது தோள். கண்ணை மட்டும் கேட்டு முடிவு செய்தல் தகாது. வாங்குமுன், வழக்கமாகக் கொண்டு செல்லும் நூல்களோடு அதனையொத்த எடையையும் பையிலிட்டுச் சிறிது தொலைவு நடந்து பார்த்தல் நன்று. பிள்ளையின் கல்விக்கென அரும்பாடுபட்டு வாங்கும் கருவி, பிள்ளை கற்கும் இடமெல்லாம் உடன் செல்வதாக இருத்தல் வேண்டும்.